தகப்பன் பெயர் எழுதும் இடம்

ஆலங்காட்டுவிளை,
8 செப்டம்பர் 2024, ஞாயிறு

கர்த்தருக்குள் பிரியமான தம்பி பிரைட்டனுக்கு,

அக்கா நேசபாய் எழுதுவது. தேவ கிருபையால் இங்கே நான் சுகம். மஸ்கட்டில் உன் சுகத்துக்காகவும், நீ மறைத்து வைத்திருக்கும் சுகர் அளவுக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் உன் மகள் ஜெஸ்பின் பெயரை எடுத்தால் போதும், உடனே லைன் கட்டாகிவிடுகிறது. இரண்டரை வருஷமாக அந்த ஒரு பெயருக்கு மட்டும் மஸ்கட்டில் சிக்னல் இல்லை. காகிதத்துக்கு அந்தக் கோளாறு வராது. கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு, ஆறிய பிறகு மறுபடி எடுத்து வாசிக்கலாம்.

முதலில் வீட்டு விஷயம். வாரத்துக்கு ஒருமுறை உன் வீட்டைத் திறந்து பெருக்கி, ஜன்னல்களைக் காற்றாடவிட்டுப் பூட்டுகிறேன். அடுக்களைச் சுவரில் ஈரம் ஏறுகிறது. கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன். ஓணம் கழிந்து வருகிறேன் என்கிறார். மழையினால் பாதி நாள் ரப்பர் வெட்டு இல்லை. என் இடது கண்ணில் புரை முற்றிவிட்டது. ஆப்பரேஷனைக் கிறிஸ்துமஸ் கழிந்து வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். குடும்ப வரலாற்றுப் புத்தகம் அச்சாகி வரும்வரை எனக்கு இந்தக் கண் வேண்டும்.

நம் அடுத்த வீட்டுச் சிஜின் லீவில் வந்தபோது, நீ கொடுத்துவிட்ட கவரைத் தந்தான். ஒவ்வொரு கிளைக்கும் மூத்தவர் தன் பிள்ளைகளின் பெயரைத் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று புத்தகக் கமிட்டியில் முடிவு செய்தோம். அப்போது கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி, ஆகவே யாரையும் குறை சொல்ல முடியாது. கவருக்குள் இருந்த உன் ஃபாரத்தில் உன் மகன் பெனிஷ் மட்டும்தான் மிச்சம். ஜெஸ்பின் பெயர் புத்தகத்தில் வந்தால் உன் பெயரை எடுத்துவிட வேண்டும், டிசம்பர் 27 குடும்பக் கூடுகைக்கும் வரமாட்டேன் என்று ஒரு துண்டுச் சீட்டும் கூடவே வைத்திருக்கிறாய். வாசித்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

அவள் வேறு சாதியில் ஒரு கடற்கரைப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்பதுதான் உன் கோபம். ஜெஃப்ரினின் குணத்தைப் பற்றி நீ ஒரு குறையும் சொன்னதில்லை; சொல்லவும் ஒன்றுமில்லை. "நாம ஆரு வழியில வந்தவங்கன்னு தெரிஞ்சும் இவ இப்பிடிச் செய்தாளே" என்று அன்று நீ, அவளைப் பெற்ற புஷ்பத்தின் கல்லறை முன்னால் நின்று சொன்னாய். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவள் இருந்திருந்தால் உன்னைச் சொல்லவிட்டிருக்க மாட்டாள்.

அந்த வழியைத்தான் இப்போது சபைப் பதிவேடுகளில் தேடிக்கொண்டிருக்கிறேன். நம் அப்பாவின் அப்பாவைப் பெற்றவள் எலைசா பார்லோ என்பது உனக்குத் தெரியும். சிறுவயதில் நாம் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிப்போம். அந்தக் காலத்தில் மிஷன் விடுதியில் வளரும் பெண்பிள்ளைகளுக்குச் சீமையில் இருந்து ஒரு அம்மாள் ஆதரவுப் பணம் அனுப்புவாள். அவள் விரும்பிய பெயரையே பிள்ளைக்கு வைப்பார்கள். அப்படி வந்த பெயர். உபதேசியார் மாசிலாமணியின் மகள் அவள். நம் வீட்டை ஊரில் இன்றைக்கும் உபதேசியார் வீடு என்று சொல்வது அவரால்தான். ஞானஸ்நானப் பதிவேட்டில், 1867இல் பிறந்தவள் என்று அவள் பெயரைக் கண்டதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஒரு சின்னக் குழப்பம் மட்டும் இருக்கிறது. 1877 ஜூன் மாத அடக்கப் பதிவேட்டிலும் எலைசா பார்லோ இருக்கிறாள். வயது பத்து, பேதி என்று எழுதியிருக்கிறது. பத்து வயதில் அடக்கம் செய்யப்பட்டவள் நம் தாத்தாவை எப்படிப் பெற்றிருப்பாள்? அந்த வருஷம் ஊர் முழுக்கப் பேதி. தினமும் நாலைந்து அடக்கம். எழுதியவர் கை தவறி வேறொரு பெயரை எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். நாகர்கோவிலில் பழைய விடுதிப் பட்டியல்கள் இருக்கின்றனவாம். போய்ப் பார்க்கிறேன்.

சிஜினிடம் முந்திரிக்கொத்து கொடுத்துவிட்டிருக்கிறேன். நாலுக்கு மேல் தின்னாதே.

உன்னை ஆண்டவர் காப்பாற்றட்டும். உன் மனசையும் கொஞ்சம் இளக்கட்டும்.

உன் அன்பு அக்கா,
நேசபாய்


ஆலங்காட்டுவிளை,
20 அக்டோபர் 2024, ஞாயிறு

அன்பான தம்பிக்கு,

சமாதானம் உண்டாவதாக. முந்திரிக்கொத்து கிடைத்ததற்குப் போனில் ஒரு கட்டைவிரல் அனுப்பியிருந்தாய். கடிதத்தைப் பற்றி அந்த விரல் ஒன்றும் சொல்லவில்லை.

இன்றைக்கு வேறு செய்தி ஒன்றும் எழுதப்போவதில்லை. சுவர் ஈரம், கொத்தனார் எல்லாம் அப்புறம். நீ உட்கார்ந்து வாசி.

நாகர்கோவிலுக்கு மூன்று தடவை போய்வந்தேன். மார்த்தாண்டத்தில் பஸ் பிடித்து இறங்குவதற்குள் பாதி நாள் போய்விடும். விடுதிப் பட்டியல்கள் எல்லாம் இங்கிலீஷில், பொடி எழுத்தில் இருந்தன. என் கண்ணுக்கு அது எறும்பு ஊர்ந்ததுபோல்தான் தெரிந்தது. உதவிக்கு வந்த பிள்ளை ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடித்து, பெரிதாக்கி எனக்கு வாசித்துக் காட்டியது. முதல் இரண்டு நாளும் ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் கிடைத்தது.

எலைசா பார்லோ, தகப்பன் மாசிலாமணி என்ற வரியில், 1877 ஜூனில் இறந்தாள் என்று குறித்திருக்கிறது. அடக்கப் பதிவேட்டில் ஒரு தவறும் இல்லை. அந்தப் பிள்ளை செத்துத்தான் போயிருக்கிறது.

அதே வருஷம் அக்டோபரில் இன்னொரு வரி. எலைசா பார்லோ, இரண்டாவது. ஆதரவு தருபவர் அதே பார்லோ அம்மாள். சீமையில் இருந்து வரும் ஆதரவு நின்றுவிடக் கூடாது என்று, இறந்த பிள்ளையின் இடத்தில் இன்னொரு பிள்ளையைச் சேர்த்து, அதே பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலிலேயே இப்படி ஏழெட்டு இரண்டாவதுகள், ஒரு மூன்றாவதும்கூட. அது அன்றைக்கு வழக்கம். பட்டினி கிடந்த பிள்ளைக்குச் சோறு கிடைக்க அதுதான் வழி என்றால், நான் என்ன குறை சொல்ல?

அந்த இரண்டாவது வரியை அப்படியே எழுதுகிறேன். வயது: எட்டு இருக்கலாம். முன்பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு. தகப்பன் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு. ஊர், கோடு. சாதி, கோடு. குறிப்பு: "பஞ்சத்தில் கிழக்கே இருந்து வந்தவள். தாய் ஆரல்வாய்மொழி வழியில் இறந்தாள். பிள்ளை இன்னும் பேசவில்லை."

இதுதான் நம் பூட்டி. 1889இல் நம் பூட்டன் சுவிசேஷமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டவள் இவள். திருமணப் பதிவேட்டில் அவளுக்கு இருபத்திரண்டு வயது என்று இருக்கிறது. இறந்த பிள்ளையின் வயதைத்தான் தொடர்ந்து எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார்கள். உண்மையில் அவளுக்கு என்ன வயது என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

நம் ஊருக்குத் திரும்பி வந்து அந்தத் திருமணப் பதிவேட்டை மறுபடி எடுக்கச் சொன்னேன். சபைச் செயலர் ஏசுஅடிமை அண்ணனை உனக்குத் தெரியும், அவர்தான் பெட்டியைத் திறந்தார். "டீச்சரே, தாள பைய மறிக்கணும், பொடிஞ்சு போவும்" என்று என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மணமகளின் தகப்பன் பெயர் என்ற இடத்தில், விடுதியில் போட்டதுபோல முதலில் ஒரு கோடுதான் போட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டின் மேலேயே, வேறு மையில், வேறு கையெழுத்தில், மாசிலாமணி என்று எழுதியிருக்கிறது.

முப்பத்துநாலு வருஷம் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தியவள் நான். கையெழுத்து எனக்குத் தப்பாது. அடக்கப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே கை. 1877இல் அந்தப் பதிவேட்டை எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டவர் உபதேசியார்தான். செத்தவர்கள் எல்லாரையும் எழுதிய அதே கையால், அதே கட்டங்களுக்குள், ஒரு வார்த்தையும் கூட்டாமல் தன் மகளையும் எழுதியிருக்கிறார். எழுதியவர் கை தவறியிருக்கும் என்று போன கடிதத்தில் எவ்வளவு லேசாக எழுதிவிட்டேன். அந்த மனுஷனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது. பதிவேட்டின் மேல் கண்ணீர் விழுந்துவிடாமல் இருக்க நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

யோசித்துப் பார், பிரைட்டன். பெற்ற பிள்ளையை அடக்கம் செய்து நாலே மாதத்தில், அவள் பெயரைச் சொல்லி வேறொரு பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள். அவர் அதைக் கேட்டிருப்பார். அந்தப் பிள்ளையை வெறுத்திருந்தாலும் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். அவருக்கு அன்று என்ன தோன்றியது, எத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார் என்றெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து, தகப்பன் இல்லாமல் ஒரு பெண் மணவறையில் நின்றபோது, அவர் வந்து எழுதினார் என்பது மட்டும் இருக்கிறது.

ஆக, நாம் உபதேசியார் வழியில் ரத்தத்தால் வந்தவர்கள் இல்லை. ஒரு கையெழுத்தால் வந்தவர்கள். நாம் யார் பிள்ளைகள், என்ன சாதி, எந்த ஊர் என்று கேட்டால், அந்த இடத்தில் நாலு கோடுதான் இருக்கிறது.

ஏசுஅடிமை அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. "நூத்தம்பது வருசம் கழிஞ்சாச்சு டீச்சரே. இத இனி வெளிய எடுத்து ஆருக்கு என்ன பிரயோசனம்? அங்ஙனயே வச்சிரும்" என்றார். கமிட்டியிலும் பாதிப்பேர் அதையேதான் சொல்கிறார்கள். நான் அச்சுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். உள்ளது உள்ளபடியே வரும்.

கோபப்படுவாய் என்று தெரியும். இரண்டு நாள் பொறுத்துக் கோபப்படு. அதற்குமுன் இன்னொரு தடவை வாசி.

நம் எல்லாருக்கும் பெயர் தெரியாத ஒரு தாய், ஆரல்வாய்மொழி வழியோரத்தில் கிடக்கிறாள். இன்று ராத்திரி ஜெபத்தில் அவளை நினைத்துக்கொள்.

அன்பு அக்கா,
நேசபாய்


ஆலங்காட்டுவிளை,
17 நவம்பர் 2024, ஞாயிறு

என் பிரியமான பிரைட்டன்,

உனக்குக் கிருபை பெருகட்டும். செவ்வாய்க்கிழமை நீ போனில் கத்தியதை முழுக்கக் கேட்டேன். "நீ எனக்குப் பாடம் எடுக்காண்டாம். எனக்க குடும்பத்த எனக்குப் பாக்கத் தெரியும்" என்றாய். சரி. பாடம் எடுத்துத்தான் ஓய்வூதியம் வாங்குகிறேன். உனக்கு இனாமாக எடுக்க எனக்கும் ஆசையில்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல விடாமல் நீ வைத்துவிட்டதால், இந்தக் கடிதம். கூரியரில் அனுப்புகிறேன், புதன்கிழமைக்குள் உன் கையில் இருக்கும்.

நாகர்கோவிலில் எனக்கு வாசித்துக் காட்டியது யார் என்று நீ கேட்கவே இல்லை. ஜெஸ்பின்தான். என் கண் தெரியவில்லை என்று கேள்விப்பட்டு, அவளாகவே ஆஸ்பத்திரியில் டியூட்டி மாற்றிக்கொண்டு வந்தாள். மூன்று தடவையும் நாகர்கோவில் வரை தன் ஸ்கூட்டரில் வந்து, என்னை பஸ் ஸ்டாண்டில் இருந்து ஏற்றிக்கொண்டு போனாள். மூன்றாம் நாள்தான் எனக்கு விளங்கியது, அவள் ஸ்கூட்டர் ஓட்டக் கூடாத நிலையில் இருக்கிறாள் என்று. திட்டினேன். "சாரமில்ல அத்தை, நான் நர்ஸ்தானே" என்று, பெரிதுபடுத்தாமல் சிரித்தாள். ஆமாம் தம்பி, அவள் பிள்ளையாண்டிருக்கிறாள். இது ஏழாம் மாதம். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள். நான் வாக்குக் கொடுக்கவில்லை, ஆகவே மீறவும் இல்லை.

நம் ஊர்த் திருமணப் பதிவேட்டைப் பார்த்த அன்றும் அவள் கூட இருந்தாள். கோட்டின் மேல் எழுதிய பெயரை முதலில் கண்டவள் அவள்தான். வெளியே வந்து, கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஒன்று கேட்டாள். "அத்தை, அப்பா அந்த ஃபாரத்துல எனக்க பேர எழுதிட்டு வெட்டினாரா, இல்ல எழுதவே இல்லியா?"

வீட்டுக்கு வந்து உன் ஃபாரத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். போன தடவை கோபத்தில் சரியாகப் பார்க்கவில்லை. நீ எழுதித்தான் இருக்கிறாய். மூத்தவள் என்பதால் பெனிஷுக்கு மேலே எழுதியிருக்கிறாய். முழுப் பெயர், பிறந்த தேதி, நர்ஸ் என்று வேலை, எல்லாம் நிதானமாக எழுதிய பிறகுதான் கோடு போட்டிருக்கிறாய். அதையும் அழுத்திப் போடவில்லை. கீழே உள்ளது அப்படியே வாசிக்கக் கிடைக்கிறது. ஒருவர் கோட்டின் மேல் பெயரை எழுதினார், நீ பெயரின் மேல் கோட்டைப் போட்டாய். அவருடைய பிள்ளை மண்ணுக்குள் இருந்தது. உன்னுடையது பக்கத்தில் உயிரோடு நின்று, என்னிடம் கேட்கிறது.

அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. தெரியாமல் இல்லை. கேள்வி உன்னிடம் கேட்டது, வழியில் நான் நின்றேன், அவ்வளவுதான்.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். முதல் பிரசவத்துக்கு ஏழாம் மாதம் பெண்ணைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டி வருவது நம் வழக்கம். ஜெஃப்ரின் வீட்டில் அவளைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்கிறார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அவன் அம்மா சகாயமேரி போன வாரம் எனக்குப் போன் செய்து, "டீச்சர், பிள்ள ஒண்ணும் சொல்லமாட்டா. ஆனா ராவும் பகலும் வாசலயே நோக்கிட்டு இருக்கா. நீங்க ஆராவது வருவியளா?" என்று கேட்டாள். அந்த அம்மாள் கேட்டதும் எனக்குத் தலை குனிந்துவிட்டது. கடற்கரைக்காரர்கள் என்று நீ சொன்ன அந்த வீட்டில் இருந்துதான் நம் வழக்கத்தை நமக்கு நினைப்பூட்டுகிறார்கள்.

வருகிற சனிக்கிழமை காலை நான் ஒரு காரை ஏற்பாடு செய்துகொண்டு அவளைக் கூட்டிவரப் போகிறேன். என் வீட்டுக்கு இல்லை, உன் வீட்டுக்கு. கொத்தனார் அடுக்களைச் சுவரை முடித்துவிட்டார். புஷ்பத்தின் கட்டிலை வெயிலில் போட்டு எடுத்திருக்கிறேன். பிரசவம் கழிந்து மூன்று மாதம் வரை நான் அங்கேயே கூட இருப்பேன்.

இதை உன் அனுமதி கேட்டு எழுதவில்லை. ஆனால் வீடு உன்னுடையது. வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது. சொல்வதானால் என்னிடம் சொல்லாதே. நான் போனை எடுக்கமாட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் நீயே அவளைக் கூப்பிட்டு, உன் வாயாலேயே, வீட்டுக்கு வராதே என்று சொல்லிவிடு.

புத்தகத்தில் உன் கிளைக்கு உரிய இடத்தில், பெனிஷுக்கு மேலே ஒரு வரி காலியாக விடச் சொல்லியிருக்கிறேன். டிசம்பர் ஐந்தாம் தேதி வரை அச்சகத்தார் பொறுப்பார்கள். கமிட்டி எழுதாது, நானும் எழுதமாட்டேன். நீ எழுதாவிட்டால் அது காலியாகவே அச்சாகும்.

தம்பி, எனக்கு அறுபத்தேழு வயதாகிறது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு இந்தப் பூமியில் எனக்கு ரத்தம் என்று நீ ஒருவன்தான். உன்னை இழந்துவிடுவேனோ என்ற பயத்தில்தான் இரண்டரை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது தப்பு. அந்தப் பிள்ளையிடம் அதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

பேசத் தெரியாமல் நின்ற பிள்ளைக்கும் துணை அனுப்பிய ஆண்டவர், உன் தொண்டையில் அடைத்து நிற்கிறதையும் எடுத்துப் போடுவாராக.

என்றும் உன் அக்கா,
நேசபாய்

பி.கு.: ஜெஸ்பின் போன் நம்பரை மாற்றவில்லை. பழைய நம்பர்தான்.